ஒரே சிட்டிங்கும் ஆறு மாத டெர்மும்: வேலைக்குப் போகிறவர் எந்தப் பட்டத்துக்குப் பணம் கட்டலாம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போகும் சாலையில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 'படிப்பு பாதியில் நின்றுவிட்டதா? ஒரே சிட்டிங்கில் டிகிரி.' மூன்று வருஷப் படிப்பை ஒரே மூச்சில் முடித்துத் தருகிறோம் என்று அர்த்தம். கீழே ஒரு செல் நம்பர். பல்கலைக்கழகத்தின் பெயர்கூட இருக்காது. இதைப் பார்த்தே பழகிய நமக்கு, அமெரிக்காவில் காம்பிடன்சி முறை என்று ஒன்று இருக்கிறது, வருஷக்கணக்கில் உட்கார வேண்டாம், தெரிந்ததை நிரூபித்தால் பட்டம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். காலத்தைக் குறைத்துத் தருகிறேன் என்றுதான் இரண்டுமே ஆசை காட்டுகின்றன.

காம்பிடன்சி முறையில் காலம் குறையலாம், பரீட்சை குறையாது. ஒரே சிட்டிங்கில் காலத்தோடு சேர்ந்து பரீட்சையும் காணாமல் போய்விடும். அதனால் எந்த பிராஸ்பெக்டஸைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் தேடுவது கட்டணப் பக்கத்தை இல்லை. யார் சோதிக்கிறார்கள், எங்கே உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள் என்பதைத்தான்.

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். லீவு லெட்டரோடு சேர்த்து பிராஸ்பெக்டஸும் என் மேசைக்கு வரும். "இதுல சேரலாமுங்களா சார்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். பாதிப்பேர் வாளையார், வேலந்தாவளம் வழியாகத் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள். மீதிப்பேர் இங்கே பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ். இவர்களை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

அசல் காம்பிடன்சி முறை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அதைத் தெரிந்துகொண்டால்தான் இங்கே அந்தப் பெயரில் விற்கிற சரக்கை எடைபோட முடியும். இதில் பெரிய பெயர் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி. 1997-ல் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் 19 கவர்னர்கள் சேர்ந்து தொடங்கிய, லாப நோக்கமில்லாத பல்கலைக்கழகம். அங்கே பாடத்துக்கு இவ்வளவு என்று ஃபீஸ் கிடையாது. ஆறு மாத டெர்முக்கு ஒரே தொகை. மாதப் பாஸ் எடுத்தவர் பஸ்ஸில் எத்தனை தடவை ஏறினாலும் ஒரே காசு மாதிரி, அந்த ஆறு மாதத்துக்குள் நான்கு பாடம் முடித்தாலும் பத்துப் பாடம் முடித்தாலும் தொகை மாறாது. ஒரு பாடத்தைத் திறந்ததும் முன்சோதனை எழுதலாம். அதில் தேறினால் வீடியோ, புத்தகம் எதையும் புரட்டாமல் நேரே இறுதிச் சோதனைக்குப் போகலாம். அதை வீட்டிலிருந்தே, கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும்.

இன்னொரு வகைச் சோதனையும் உண்டு: அறிக்கை, திட்டம், ஆய்வு என்று எதையாவது எழுதி அனுப்புவது. திருத்துகிறவர் பாடம் நடத்தியவர் இல்லை, வேறு ஆள். அவர் கையில் ஓர் அளவுகோல் பட்டியல் இருக்கும். ஐந்து அம்சத்தில் நான்கு சரி, ஒன்று போதவில்லை என்றால் அந்த ஒன்றைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புவார். சரி செய்து மறுபடி அனுப்ப வேண்டும். முப்பத்தைந்து மார்க் வாங்கித் தப்பித்துப் போகிற வழி இதில் இல்லை. முடிவு இரண்டுதான், பாஸ் அல்லது இன்னும் ஆகவில்லை. அந்த பாஸ்கூட அவர்கள் கணக்கில் 'பி' கிரேடுக்குச் சமம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்கு இது லாபம்? எங்கள் பக்கத்தில் ஒரு தீவன மில்லில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனது. டாலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பி.எஃப். சலான் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இவர் அந்த மாதிரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அடிப்படைக் கணக்கியல் பாடத்தை இரண்டு வாரத்தில் தாண்டிவிடுவார். பிறகு வணிகப் புள்ளியியல் வரும், பொருளாதாரம் வரும், எழுத்துத்திறன் பாடம் வரும். அங்கே அவருடைய அனுபவத்துக்கு வேலை இல்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தாக வேண்டும். வேலை அனுபவம் ஒரு பட்டத்தின் ஒரு பகுதியைத்தான் மூடும், முழுதையும் மூடாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அதோடு, வேகமாகப் போகிறவருக்கு மலிவான அதே திட்டம் மெதுவாகப் போகிறவருக்கு விலை கூடிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல், மில்லில் வருஷக் கணக்கு முடிப்பு என்று ஒரு டெர்ம் வீணானால், அடுத்த ஆறு மாதத்துக்கு மறுபடி முழுப் பணம்.

அந்த டெர்ம் ஃபீஸ் ஏறக்குறைய 4,000 டாலர். நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். அதைவிடப் பெரிய தடை, அங்கே சேர்க்கை பெரும்பாலும் அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்குத்தான். ஆகவே கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு தேர்வே இல்லை. கணவரோடு அமெரிக்கா போய்விட்ட தங்கைக்கு வேண்டுமானால் சொல்லலாம். அவளுக்கு நல்ல யோசனைதான். எந்த நாட்டு ஆன்லைன் பட்டமாக இருந்தாலும் இந்தியாவில் பயன்பட வேண்டுமென்றால், பணம் கட்டுவதற்கு முன்பே நம்மூர்ப் பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று (ஈக்குவலன்சி) கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ் என்று மட்டும் போட்ட மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு நம்மூர் விண்ணப்பத்தின் 'சதவீதம்' கட்டத்தில் என்ன எழுதுவது என்பது தனிச் சங்கடம். யூனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் (2009) என்ற ஆன்லைன் பல்கலைக்கழகம் பற்றியும் கேட்கிறார்கள். அதில் படிப்புக்கு ஃபீஸ் இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. ஒன்பது வார டெர்ம், வாராவாரம் வேலை. அது காம்பிடன்சி முறையே இல்லை.

நம் நாட்டில் கணக்கு இன்னும் மணிக்கணக்குதான். 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு வருஷப் படிப்பு என்றால் 1,200 மணி நேரம், 40 கிரெடிட் (படிப்பை அளக்கும் புள்ளி). மணியைக் கிரெடிட்டாக மாற்றும் இந்தப் பழக்கமே அமெரிக்காவில் 1906 வாக்கில் கார்னகி நிறுவனம் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க வகுத்த அளவிலிருந்து வந்தது. மாணவன் என்ன கற்றான் என்று அளக்க அது பிறக்கவே இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். 2023 கட்டமைப்பு அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம் என்கிறது. ஆனால் என் மேசைக்கு வந்த எந்த பிராஸ்பெக்டஸிலும் 'லேத்தில் பதினைந்து வருஷம், ஆகவே முதல் செமஸ்டர் தள்ளுபடி' என்று பார்த்ததில்லை.

அப்படியானால் இங்கே காம்பிடன்சி முறைக்குக் கிட்டத்தில் வருவது எது? என் கணக்கில் இரண்டு. முதலாவது சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு, 2020-ல் தொடங்கியது. (எங்கள் கம்பெனிக்குச் சற்றுத் தள்ளித்தான் பாலக்காடு ஐ.ஐ.டி. இருக்கிறது. ஆனால் ஷிப்டுக்குப் போகிறவன் சேரக்கூடிய ஐ.ஐ.டி. படிப்பு சென்னையிலிருந்து லேப்டாப் வழியாக வருகிறது.) ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பு இல்லை. ப்ளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரம் பாடம் நடத்துவார்கள், அசைன்மெண்ட் கொடுப்பார்கள், பிறகு ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறிய அத்தனை பேருக்கும் இடம் உண்டு. சீட் இவ்வளவுதான் என்ற பேச்சே இல்லை. உள்ளே போனபின் 32 கிரெடிட் ஃபவுண்டேஷன், பிறகு இரண்டு டிப்ளமோ, 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142-ல் முழுப் பட்டமான பி.எஸ். எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு சான்றிதழோடு இறங்கலாம்.

ஆனால் இது விளையாட்டில்லை. வாராவாரம் அசைன்மெண்டுக்குக் கெடு. க்விஸ், எண்ட் டெர்ம் எல்லாம் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓவர்டைமை நம்பிக் கடன் தவணை கட்டுகிறவர் முதலில் அந்தக் கணக்கைப் போடட்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்கைத் தொடாதவருக்கு ஃபவுண்டேஷனின் கணக்கும் புள்ளியியலுமே பெரிய மலை. முழுப் பட்டத்துக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு, கேட்டால் கிடைக்கும். பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிற இருபத்தாறு வயதுப் பையன், ப்ளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க், வீட்டுக் கஷ்டத்தால் வேலைக்கு வந்தவன். அவன் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். முதலில் தகுதித் தேர்வு வரைக்கும் போகட்டும். அந்த நான்கு வாரமே அவனால் முடியுமா என்று காட்டிவிடும்.

இரண்டாவது பலருக்கும் தெரியாதது, பட்டமும் இல்லை: என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளி. பத்தோ ப்ளஸ் டூவோ இல்லாதவர் பட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இங்கேதான் வர வேண்டும். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷம், ஒன்பது வாய்ப்பு. அதைவிட முக்கியம், 'ஆன் டிமாண்ட்' தேர்வு. நீங்கள் தயாரான பாடத்துக்கு நீங்களே தேதி கேட்டு எழுதலாம். தேறிய பாடம் உங்கள் கணக்கில் நிற்கும். தயாரானால் எழுது என்ற காம்பிடன்சி மந்திரம் இந்தியாவில் சத்தமில்லாமல் இங்கே நடக்கிறது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். பத்து, ப்ளஸ் டூ, பிறகு மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசையில் படிக்காத திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலையில் ஏற்பதில்லை. பிரமோஷன் நேரத்தில் அது தெரியவந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

சாதாரணப் பட்டம் போதும், பதவி உயர்வுக்கோ பரீட்சைக்கோ ஒரு தகுதி வேண்டும், அவ்வளவுதான் என்பவருக்குத் தொலைநிலைக் கல்வியைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-லிருந்து இருக்கிறது. பி.ஏ., பி.காம். மாதிரிப் படிப்புகளுக்கு வருஷக் கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கிவிடும். ஜனவரி, ஜூலை இரண்டு சேர்க்கை; ஜூன், டிசம்பர் இரண்டு தேர்வு. பொதுவாக அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுக்கலாம், இது வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய ஆசுவாசம். குறை என்னவென்றால் மொழி. பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழில் படித்துத் தமிழில் எழுத வேண்டுமென்றால் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கேரளத்தின் ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2020-ல் கொல்லத்தில் வந்தது, பட்டாம்பியில் வட்டார மையம். மலையாளம் சரளமாக வாசிக்கிறவருக்கு நல்லது.

எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பின் மையத்தைத் தன் மாநில எல்லைக்குள்தான் நடத்தலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் சித்தூர் தாலுகாவில் மையம் இருக்க முடியாது. இருப்பதாக யாராவது மாடிக்கடையில் போர்டு வைத்திருந்தால் படியேறாமல் திரும்பிவிடுங்கள். பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் சேருங்கள். இக்னோ மத்தியப் பல்கலைக்கழகம், அதற்கு இந்தக் கோடு இல்லை. முழு ஆன்லைன் என்று அனுமதி வாங்கிய படிப்புக்கும் இல்லை. தமிழ் பி.ஏ.தான் ஆசை என்றால் சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே தமிழ்த்துறை இருக்கிறது. பகல் கல்லூரி என்பதுதான் இடைஞ்சல்.

தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பி.பி.ஏ., பி.சி.ஏ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருந்தால் பட்டம் செல்லும். முறையான அனுமதியோடு தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி.யே அறிவித்துவிட்டது. விலை இக்னோவைவிடப் பல மடங்கு. அந்தக் கூடுதல் காசுக்கு வாங்குவது ஓரளவு ஒரு மொபைல் செயலியும், பாடத்தை நினைவூட்டுகிற ஓர் ஆளும். 'இண்டஸ்ட்ரி காம்பிடன்சி' என்று பிராஸ்பெக்டஸில் எழுதியிருந்தால் அது செமஸ்டர் முறைக்குப் போட்ட புதுச் சட்டைதான். ஒரு வாரத்தில் நான்கு முறை போன் பண்ணி 'இன்றோடு ஆஃபர் முடிகிறது' என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இனி என் மேசைக்கு அதிகம் வருகிறவர்: ஃபிட்டர். ஐ.டி.ஐ. முடித்தவர், பதினைந்து வருஷ சர்வீஸ், சூப்பர்வைசர் ஆக வேண்டும். கையில் 'ஆன்லைன் பி.டெக்.' நோட்டீஸ். இவருக்குப் பதில் ஒரே வரி: பொறியியல், நர்சிங், சட்டம் போன்றவற்றை யு.ஜி.சி. ஆன்லைனிலோ தொலைநிலையிலோ அனுமதிப்பதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எப்படி நிறுத்திவைத்தது, ரத்து செய்தது என்பதைப் படித்தவர் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடுவார். 'ஏ.எம்.ஐ.இ. எழுதலாமே' என்று, பொறியாளர் சங்கம் நடத்தும் தேர்வைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. 2013 மே 31-க்குள் பதிந்தவர்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரம்.

இவருடைய கைத்திறனை மட்டும் சோதித்துச் சான்று தரும் வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள்; 2015-லிருந்து பிரதமரின் திறன் திட்டத்தில் நடக்கிறது. ஒரு டிராயிங், ஒரு துண்டு இரும்பு, மைக்ரோமீட்டர். சோதிக்கிறவர் பக்கத்தில் நிற்க, அளவுக்குள் கொண்டுவர வேண்டும். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தே கோணல் எங்கே என்று சொல்கிற ஆள் இதில் கலங்க மாட்டார். எழுத்துத் தேர்வில்தான் தடுமாறுவார். தினமும் கையில் பிடிக்கிற கருவிக்குத் தாளில் அச்சடித்த பெயரை அவர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். சான்றிதழ் கிடைத்தாலும், எங்கள் மாதிரிக் கம்பெனிகளில் அதை மட்டும் வைத்து கிரேடு மாறாது. ஆகவே ஐ.டி.ஐ. இரண்டு வருஷ டிரேடு முடித்தவருக்கு நான் சொல்வது பாலிடெக்னிக் டிப்ளமோ, நேரே இரண்டாம் வருஷச் சேர்க்கை. வேலை பார்க்கிறவர்களுக்கு வசதியான நேரத்தில் டிப்ளமோவும் பி.டெக்.கும் நடத்தக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் குழு) 2023-லிருந்து வழிவிட்டிருக்கிறது. கோயம்புத்தூருக்கு இது புதிதில்லை, பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. மாதிரிக் கல்லூரிகளில் ஷிப்ட் முடித்து ஓடிப்போய்ப் பகுதிநேர பி.இ. படித்த தலைமுறையே உண்டு. நேரில் போக வேண்டும், உடம்பு நோகும், ஆனால் ஆலையில் அந்தக் காகிதத்தைப் பார்த்து யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

காகிதத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்பதுதான் பாதி முடிவு. கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) என்றால் அறிவிப்பின் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். வெளிமாநிலப் பட்டத்துக்கு ஈக்குவலன்சி சான்று கேட்கிற சந்தர்ப்பம் வரலாம். கல்ஃப் என்றால், எந்த முறையில் படித்தாய் என்று கேட்கிற நாடுகள் உண்டு. போகிற நாட்டின் விதியைத் தெரிந்துகொண்டு பிறகு சேருங்கள். தனியார் ஆபீஸ் என்றால் பெரும்பாலும் பட்டம் இருக்கிறதா, அனுபவம் இருக்கிறதா என்பதோடு சரி.

அந்தத் தீவன மில் அக்காவுக்கு நான் சொன்னது இக்னோ பி.காம். அல்லது, தமிழில் எழுதினால்தான் வரும் என்றால், பொள்ளாச்சிப் பக்கம் போய்த் தமிழ்நாடு திறந்தநிலை. ஆறு மாத டெர்மின் வேகம் அவருக்குக் கிடைக்காதுதான். ஆனால் மார்ச் மாதம் முழுக்க மில் கணக்கில் மூழ்கினாலும் கட்டின பணம் போகாது. விட்ட பேப்பரை டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. தொலைநிலை, ஆன்லைன் இரண்டுக்கும் இப்போது டெப் ஐ.டி. (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) கட்டாயம். அது கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் ஏ.பி.சி. ஐ.டி.யோடு இணைந்தது, ஏ.பி.சி. ஐ.டி. ஆதாரோடு. யு.ஜி.சி.யின் டெப் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும், அந்தக் குறிப்பிட்ட படிப்பும், நீங்கள் சேரும் வருஷமும் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். எல்லைப் பக்கத்தில் எல்லோரையும் மடக்குவது பெயர்தான்: தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, அக்ஷயா சென்டரில் (கேரளத்தின் இ-சேவை மையம்) ஆதாரைத் திருத்திக்கொண்டு பிறகு ஐ.டி. எடுங்கள். பட்டம் அச்சாகி வந்தபின் ஓர் எழுத்தைத் திருத்துவதற்குப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிற நேரத்தில் ஒரு செமஸ்டரே படித்துவிடலாம்.